எருமப்பட்டியில் இறங்கிய நடுக்கம்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மோகனூர்க் காவிரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்; தண்ணீர் குளிராக இருந்தால் முழங்காலளவில் நின்று செய்வேன். இந்த வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சந்தேகம் உள்ளவர்கள் நாச்சிமுத்துக் கவுண்டரையே கேட்டுக்கொள்ளலாம். அவர் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். எருமப்பட்டிக்குக் கிழக்கே நாச்சிமுத்துவுக்கு ஏழு ஏக்கர் செம்மண் காடு. அதில் கடலை விளைந்து நின்றது. இரண்டு நாள் முன்னால் ஒரு மழை பெய்து மண் இளகியிருந்தது. பிடுங்கினால் அந்த வாரமே பிடுங்கவேண்டும். அடுத்த மழை விழுந்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். அப்புறம் அந்த வருஷம் குடும்பத்துக்குச் சோறு கிடையாது. அன்று காலை கடலை பிடுங்க இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு நாச்சிமுத்துவின் மனைவி சென்னியம்மாள் வரப்பில் வந்து நின்ற சமயத்தில்தான், மேற்கேயிருந்து ஓர் ஆகாய விமானம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

பக்கத்துத் தரிசில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வரப்பைத் தாண்டி உருண்டு, கடலைக் காட்டின் நட்டநடுவில் வந்து நின்றது.

"நாலு செடி புடுங்கிப் போட்டுட்டு நிக்குது பாருங்க" என்றாள் சென்னியம்மாள். "மீதியையும் அதுவே புடுங்கிக் குடுக்குமான்னு கேளுங்க."

உள்ளேயிருந்து மூன்று பிரயாணிகள் இறங்கினார்கள். அதில் ஒருவர் பொய்ப்பல் கட்டியவர். பெங்களூரிலிருந்து அந்தப் பல் தானாகவே மென்றுகொண்டு வந்ததாம். அவர்களை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர் விமானம் ஓட்டும் லெஸ்லி துரை. பெயர்தான் துரை, பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருச்சி பொன்மலை ரயில்வே காலனி. நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"என்னங்க தொரை, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"ரிப்பேர் எல்லாம் ஒண்ணுமில்லை கவுண்டரே. றெக்கை நடுங்குது."

"காய்ச்சலுங்களா?"

லெஸ்லி துரை தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "மணிக்கு நூத்திருபது மைல் போகவேண்டிய மெஷின் இது. போன தையில, நூத்திப்பத்தைத் தாண்டினா வலது றெக்கை லேசா அதிர ஆரம்பிச்சுது. சித்திரையில நூறுலயே அதிர்ந்துது. இப்போ தொண்ணூறைத் தாண்டினா படபடன்னு அடிக்குது. கையில பிடிச்சு ஓட்டுற கம்பு, தயிர் கடையற மத்து மாதிரி துள்ளுது. திருப்பினா, யோசிச்சுட்டுத்தான் திரும்புது. சரி, மெதுவாப் போகலாம்னா, நேரம் ஆக ஆக பெட்ரோல் குடிக்குது. திருச்சி வரைக்கும் வரவேண்டிய எண்ணெய் எருமப்பட்டியில தீர்ந்துபோச்சு."

"எண்ணெய் ஊத்துனா போயிருமுங்களா?"

"போயிடும். ஆனா நடுங்கி இறங்கின விமானத்துக்கு இலாகாவுக்குத் தந்தி கொடுத்தே ஆகணும். சட்டம்."

இதைச் சொல்லும்போது அவருடைய உதடு, அந்த இறக்கையைவிட அதிகமாக நடுங்கியது.

இறக்கை நடுக்க விசாரணை இலாகா மறுநாள் மதியம் வந்து சேர்ந்தது. அப்படி ஒரு இலாகா உண்டா என்று கேட்பவர்கள் இலாகாக்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். நாமக்கல்லிலிருந்து நான்கு மாட்டு வண்டிகள். முதல் வண்டியில் கோப்புகள். இரண்டாவதில் மேஜை நாற்காலி. மூன்றாவதில் கூடாரங்கள். நான்காவதில் பெயிண்ட் டின்கள். பின்னால் முப்பது குமாஸ்தாக்கள் நடந்து வந்தார்கள்.

"இந்தத் தடவையும் பரிசோதனைக் கருவி எதுவும் காணோமே?" என்றார் லெஸ்லி துரை.

"கருவிகள் பற்றிய கோப்பு முதல் வண்டியில் இருக்கிறது" என்றார் இலாகாவின் டிப்டி டைரக்டர் கோதண்டராம ராவ். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. மூக்குக் கண்ணாடியை மூக்கில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு, அதனாலேயே எதையும் சுட்டிக்காட்டுவார்.

அவர் கண்ணாடியால் சுட்டிக்காட்டியதும் பியூன் பொன்னன் பெயிண்ட் டின்னோடு ஏணியில் ஏறினான். வலது இறக்கையின் பின்விளிம்பில் கதவு மாதிரி கீல் வைத்து, மேலும் கீழும் அசைகிற ஒரு பலகை இருக்கும். விமானத்தைச் சாய்க்க அதுதான். அந்தப் பலகையின் பின்ஓரத்தில், பழைய முத்திரையின் மேலேயே, 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஈயச் சாயத்தில் ஒரு முறம் அகலத்துக்கு முத்திரை தீட்டினான்.

"இன்னும் பரிசோதிக்கவே இல்லையே" என்றார் லெஸ்லி துரை.

"முத்திரை வைத்தபின் பரிசோதிப்பதுதான் முறை. பரிசோதித்துவிட்டு வைத்தால், பரிசோதனையின்போது முத்திரை இல்லாத விமானத்தைத் தொட்ட குற்றத்துக்கு நாங்கள் ஆளாவோம்."

இது முப்பத்தேழாவது முத்திரை என்று பொன்னன் பதிவேட்டில் எழுதிக்கொண்டான்.

அடுத்து, கடலைக் காட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது, செடி பிடுங்கக்கூடாது என்று ராவ் உத்தரவு படித்தார்.

"ஏனுங்க சாமி, நான் கடலை புடுங்கறதுக்கும் உங்க றெக்கைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் நாச்சிமுத்து.

"செடி பிடுங்கினால் பூமி அதிரும். பூமி அதிர்ந்தால் சக்கரம் அதிரும். சக்கரம் அதிர்ந்தால் இறக்கை அதிரும். அது விமானத்தின் நடுக்கமா, உம்முடைய நடுக்கமா என்று நான் எப்படிப் பிரித்து அறிவது? உம்முடைய நடுக்கம் விவசாய இலாகாவைச் சேர்ந்தது. அவர்கள் அதிகாரத்தில் நான் தலையிடமாட்டேன்."

"மழை வந்தா மொளைச்சுப் போயிருமுங்களே!"

"முளைப்பது மெதுவான இயக்கம். அதனால் அதிர்வு உண்டாகாது. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

மூன்றாம் நாள் பரிசோதனை தொடங்கியது. இலாகாவின் அளவுமுறை என்னவென்றால், இறக்கையின் மேல் ஒரு படி மோர் வைப்பார்கள். சிந்தியது எவ்வளவோ அவ்வளவு நடுக்கம். ஆழாக்கு நடுக்கம், உழக்கு நடுக்கம், படி நடுக்கம் என்று மூன்று தரம். மோருக்குச் சென்னியம்மாளைக் கேட்டார்கள். "கடலைதான் இல்லைன்னு ஆயிப்போச்சு, மோராச்சும் இலாகா குடிக்கட்டும்" என்று கொண்டுவந்து வைத்தாள்.

மோரை வைத்துவிட்டு எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தோம். இறக்கை அசையவில்லை. ஒரு ஈ மட்டும் வந்து உட்கார்ந்தது.

'இறக்கை விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கிறது' என்று ராவ் எழுதினார்.

"சார், நின்னுட்டு இருக்கிற விமானம் எப்படி நடுங்கும்? பறந்தாத்தானே?" என்றார் லெஸ்லி துரை.

"நடுங்கும் விமானம் பறக்கத் தடை. ஆகவே நிற்கும்போதே நடுங்கவைக்க வேண்டும்."

ஊரில் பலசாலிகள் பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள். அதில் நானும் ஒருவன். இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு, ராவ் கண்ணாடியை ஆட்டும் வேகத்துக்கு நாங்கள் ஆட்டினோம். முதல் தடவை ஆழாக்கு மோர் சிந்தியது. இன்னும் பலமாக ஆட்டச் சொன்னார், உழக்கு சிந்தியது. என் பக்கத்தில் நின்ற அம்மாசி கொஞ்சம் கோபக்காரன், ஒரே உலுக்காக உலுக்கினான். படியோடு மோர் ராவ் தலைப்பாகையில் இறங்கியது. அவர் துளியும் கலங்கவில்லை. மீசையிலிருந்து மோர் சொட்டச் சொட்ட எழுதினார்: 'இறக்கையானது, எவ்வளவு ஆட்டப்படுகிறதோ அவ்வளவு ஆடுகிறது என்பது ஐயமற நிரூபணம்.' சென்னைக்குத் தந்தி போனது. பாராட்டி வந்த பதில் தந்தியில், இனிமேல் இந்த விமானம் மணிக்கு எழுபது மைலுக்கு மேல் போகக்கூடாது என்றும் இருந்தது.

லெஸ்லி துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எழுபதுல இது பறக்கவே பறக்காது சார்! கல்லு மாதிரி விழும்!"

"விழும்போது இறக்கை நடுங்குமா?"

"அது... நடுங்காது. ஆனா எல்லாரும் செத்துப் போவாங்க!"

"உயிர்ச்சேதம் வேறு இலாகா" என்றார் ராவ். "எங்கள் கவலை நடுக்கம் ஒன்றுதான். இருபது வருஷமாக ஒரு தடவைகூட நாங்கள் வேறு எதைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

நான்காம் நாள் நாச்சிமுத்துவைச் சாட்சியாக விசாரித்தார்கள்.

"இறக்கைகள் நடுங்கி இதற்குமுன் நீர் பார்த்ததுண்டா?"

"கோழிக்குப் பார்த்திருக்கறனுங்க. தண்ணியில நனைஞ்சா."

'சாட்சிக்கு இறக்கைகளில் அனுபவம் உண்டு' என்று குமாஸ்தா எழுதினார். உடனே அவரைத் தற்காலிக உள்ளூர் இறக்கை நிபுணராக நியமித்து, கழுத்தில் ஒரு பித்தளை வில்லையை மாட்டிவிட்டார்கள். பாவம், அந்த வில்லையோடு அவர் வீட்டுக்குப் போனபோது சென்னியம்மாள் ஒரு கடலைச் செடியை அவர் காலடியில் போட்டாள். காயின் ஓட்டை உடைத்துக் காட்டினாள். உட்பக்கம் கறுத்திருந்தது, அதாவது காய் முற்றி, நாள் கடந்துகொண்டிருக்கிறது.

"அங்க பாருங்க, கொல்லிமலைப் பக்கம் மேகம் எறங்குது. நீங்க வில்லையக் கட்டிக்கிட்டுத் திரியறீங்க. கோயில் மாட்டுக்குக்கூட மணிதான் கட்டுவாங்க, இப்படித் தகரத்தைக் கட்டமாட்டாங்க."

"பித்தளை, புள்ள."

"போங்க அக்கட்டால."

நாச்சிமுத்து மனம் நொந்து காட்டுக்கு வந்தார். நிபுணர் என்பதால் இறக்கைக்கு அடியில் உட்கார அவருக்கு அனுமதி இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர், மேலே தொங்கிய அந்தப் பின்பலகையை விரலால் தூக்கி விட்டார். தொப்பென்று கீழே விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி தொப்பு. இடது இறக்கைக்குப் போய் அங்கே இருந்த பலகையைத் தூக்கினார். அது வைத்த இடத்தில் நின்றது.

"தொரை! இக்கட்டால வாங்க! இது பின்பாரமுங்க!"

லெஸ்லி துரைக்குப் புரியவில்லை. நாச்சிமுத்து பொறுமையாகச் சொன்னார்: "வண்டியில மூட்டை அடுக்கறமுங்க. அச்சுக்குப் பின்னால பாரம் கூடிப்போச்சுன்னா நுகத்தடி மேல தூக்கும். மாடு மெதுவா நடந்தா ஒண்ணும் தெரியாது. ஓட்டம் புடிச்சா போச்சுங்க, நுகம் எகிறி எகிறி அடிக்கும். வண்டியே ஆடும், சொன்ன பக்கம் திரும்பாது. இந்தப் பலகைக்குக் கீலுதான் அச்சு. பின்னால என்னத்தையோ ஏத்தி வெச்சிருக்கறீங்க."

லெஸ்லி துரை ஏணியில் ஏறினார். முத்திரையின் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு முத்திரை, ஒன்றின் மேல் ஒன்றாக, சப்பாத்தி அடுக்கு மாதிரி ஈயச் சாயம். ஒவ்வொரு தடவை நடுங்கியபோதும் இலாகா வந்து ஒரு முத்திரை வைத்தது; முத்திரை வைத்ததால் இன்னும் நடுங்கியது; இன்னும் நடுங்கியதால் மீண்டும் வந்தது. அவர் ஏணியிலேயே உட்கார்ந்து, பொன்மலைத் தமிழில் சில வார்த்தைகள் சொன்னார். அவற்றை நான் எழுத முடியாது.

"சுரண்டிடலாம்!" என்றார்.

ராவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "ராஜாங்க முத்திரையைச் சுரண்டுவதா? கடுங்காவல்! ஒரு விமானத்தில் முத்திரையைச் சேர்க்கலாம். கழிக்கச் சட்டத்தில் இடமே இல்லை!"

நாச்சிமுத்து மேகத்தைப் பார்த்தார். கொல்லிமலை பாதி மறைந்திருந்தது. வில்லையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பணிவாக முன்னால் வந்தார்.

"சாமி சொல்றது நாயமுங்க. சுரண்டப்படாது. இன்னும் வெய்யுங்க. ஆனா ஒண்ணு. பின்னால வெச்சா, விமானம் தாண்டிப் போனதுக்கப்புறந்தானுங்க சனங்க கண்ணுக்கு முத்திரை தெரியுது. முன்னால வெச்சா, வரும்போதே இலாகா வருதுன்னு தெரியுமுங்களே."

ராவ் தலைப்பாகையைச் சரிசெய்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிப் போட்டு அன்றுதான் பார்த்தோம். "கவுண்டரே, இந்த இலாகாவின் கௌரவத்தைப் பற்றி இப்படி யோசித்த முதல் மனிதர் நீர்தான்" என்றார்.

அந்தப் பலகையில் கீலுக்கு முன்னாலும் ஒரு சாண் நீளத்துக்கு மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் முத்திரை இருந்தது மூன்று சாண் தள்ளி. வண்டி பாரம் தெரிந்தவருக்கு இதற்கெல்லாம் காகிதம் பென்சில் வேண்டாம். "பின்னால முப்பத்தேழுன்னா, முன்னால மூணு பங்கு. நூத்திப் பதினொண்ணு வெய்யுங்க" என்றார் நாச்சிமுத்து.

ஆனால் ஒரு முத்திரைக்கு ஒரு பரிசோதனை நடந்தாகவேண்டுமே! ஆகவே ஐந்தாம் நாள் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை நூற்றுப் பதினொரு பரிசோதனைகள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் முப்பது குமாஸ்தாக்களும் எழுந்து நின்று, உட்கார்ந்து, கையெழுத்திட்டார்கள். முதல் பத்து, இறக்கையைப் பற்றி. அதன்பிறகு பரிசோதிக்க ஒன்றும் அகப்படவில்லை. சக்கரத்தின் நடுக்கம், நாற்காலியின் நடுக்கம், லெஸ்லி துரையின் தொப்பி நடுக்கம் என்று போயிற்று. எண்பதாவது பரிசோதனையில் விமானத்தின் நிழல் நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். நூற்றிரண்டாவது, முந்தைய நூற்றொரு பரிசோதனைகளின் நடுக்கம். பெயிண்ட் காயவேண்டுமே என்று கடலை பிடுங்க வந்த இருபது பெண்களும் முறத்தால் விசிறினார்கள். சென்னியம்மாள் விசிறிய வேகத்தில் பொன்னன் ஏணியிலிருந்து இரண்டு தடவை விழுந்தான்.

கடைசி முத்திரை காய்ந்தது. நாச்சிமுத்து விரலால் பலகையைத் தூக்கி விட்டார். வைத்த இடத்தில் நின்றது.

ஆறாம் நாள் காலை, நாமக்கல்லிலிருந்து வந்த பெட்ரோலை ஊற்றி, விமானத்தைத் தரிசுக்குத் தள்ளிக் கொண்டுபோனோம். நூற்றுப் பதினொரு முத்திரை விழுந்த விமானத்துக்குப் பறக்கத் தடையும் வேகத் தடையும் செல்லாது என்று எழுதிவிட்டு, மடியில் ஒரு படி மோருடன் ராவும் ஏறிக்கொண்டார். தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபது. எருமப்பட்டியை மூன்று சுற்றுச் சுற்றி, சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, பூப்போல வந்து இறங்கியது. லெஸ்லி துரை கத்திக்கொண்டே குதித்தார்: "துளி நடுக்கம் இல்லை! கம்பை ரெண்டு விரல்ல பிடிச்சு ஓட்டினேன்!"

ராவ் இறங்கினார். மோர் ததும்ப அப்படியே இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நடுக்கம் தலைமறைவாகிவிட்டது" என்றார். "நடுக்கம் இல்லையென்றால் நான் யார்? இந்த முப்பது பேர் யார்? கண்டுபிடிக்கும்வரை சுண்ணாம்புக் கோடு அப்படியே இருக்கும். ஒருவரும் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது!"

அப்போது முதல் இடி இடித்தது. சென்னியம்மாள் பக்கத்திலிருந்த செடியை விருட்டென்று பிடுங்கி, ஒரு காயை உடைத்தாள். பருப்பு மூக்கு நீட்டத் தொடங்கியிருந்தது. அதை அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை. அதுதான் அவரை உலுக்கியிருக்கவேண்டும்.

"சாமி" என்றார். "நிபுணர்ங்கற மொறையில ஒண்ணு சொல்லட்டுங்களா? வந்து எறங்கும்போது நடுக்கம் இருந்துச்சு. கெளம்பும்போது இல்லை. அப்படின்னா அது எங்கீங்க போயிருக்கும்? எம்பட காட்டுலதான் உழுந்து கெடக்கோணும்."

ராவ் நிமிர்ந்தார்.

"மேல கெடந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. மண்ணுக்குள்ளதான் எறங்கியிருக்குது. ஒரு செடி உடாமப் புடுங்கி, ஒதறிப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா சட்டப்படி நாங்க தொடப்படாதுங்களே!"

"நீங்கள் தொடக்கூடாது!" என்று கர்ஜித்தார் ராவ். "இலாகா தொடலாம்!"

கோட்டைக் கழற்றினார். முப்பது குமாஸ்தாக்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கினார்கள். லெஸ்லி துரையும் இறங்கினார். இருபது பெண்களைப் 'பரிசோதனை உதவியாளர்' என்று நியமித்து, அவர்களுக்கும் ஒவ்வொரு வில்லை மாட்டினார்கள். சென்னியம்மாள் வரிசை பிரித்துவிட்டாள்.

"ஏனுங்க குமாஸ்தா, செடியோட அடித்தூரைப் புடிச்சு இழுங்க, காதைப் புடிச்சு இழுக்கற மாதிரி இழுக்காதீங்க! சாமி, நல்லா ஒதறுங்க, மண்ணு போகோணும்! மண்ணுக்குள்ளதான் நடுக்கம் ஒளிஞ்சிருக்கும்!"

ராவ் உதறினார். இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு நாளில் அரை ஏக்கர் பிடுங்கினார். ஒவ்வொரு செடியையும் உதறி, அது நடுங்குகிறதா என்று பார்த்து, உதறும்போது மட்டும் நடுங்குகிறது என்று பொன்னனிடம் சொல்லி எழுதவைத்து, வரப்பில் போட்டார். பொழுது சாய்வதற்குள் ஏழு ஏக்கரும் சுத்தம். கடைசிக் கட்டுக் கடலைக்கொடி காட்டுச் சாளைக் கூரைக்குள் போகவும், மழை கொட்டவும் சரியாக இருந்தது. அந்த மழையில் நனைந்துகொண்டே நாச்சிமுத்து வெற்றுக் காட்டின் நடுவில் நின்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை. சென்னியம்மாள் மட்டும், "சளி புடிக்கும், உள்ள வாங்க நிபுணரே" என்றாள்.

இவ்வளவும் நடந்தது நடந்தபடி.

அந்த வருஷம் ஆடியிலும் ஆவணியிலும் எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் நாச்சிமுத்து உட்பட ஒருவரும் கடலை விதைக்கவே இல்லை.